ஐந்தரை மணி போன்

போன் மிஸ்ஸின் முகத்தைப் பார்க்காமலேயே ஏறக்குறைய ஒரு வருஷம் அவரிடம் கணக்குப் படித்தேன். நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையைப் பற்றி இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. இப்போது சொல்ல வந்திருப்பதால் எனக்குப் பெரிய மனசு வந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முப்பது வருஷம் ஓடிவிட்டது, இனி யாரும் என்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கப்போவதில்லை என்கிற தைரியம்தான்.

அவருக்குப் பெயர் உண்டு. இங்கே அது வேண்டாம். மைசூரில் எங்களைப் போன்ற தமிழ் வீடுகளில் எல்லோருக்கும் அவர் போன் மிஸ்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து, முழங்கால் வலி முற்றிப்போனதால் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவர். மண்டி மொஹல்லாவில் ஒரு வெங்காய மண்டிக்கு மேலே, இரண்டாவது மாடியில் தனியாக இருந்தார். மூட்டை ஏற்றும் வண்டிகளுக்கு நடுவே அந்தச் சந்துக்குள் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்ப எந்த வீட்டிலும் மனசு வராது. அவராலும் படி இறங்கி வர முடியாது. எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர் என்பதால் வீட்டில் போன் இருந்தது. யாரோ ஒரு பிள்ளை ஒரு நாள் போனில் சந்தேகம் கேட்கப்போய், அதுவே வழக்கமாகி, சாயங்காலம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை ஆளுக்குக் கால் மணி நேரம் என்று டியூஷன் போனிலேயே நடந்தது. மூன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பதினாறு பிள்ளைகள். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. என் நேரம் ஆறே முக்கால்.

என் பையன் இப்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எங்கோ இருக்கும் ஆசிரியரிடம் படிக்கிறான். அதில் முகம் தெரிகிறது, பலகை தெரிகிறது, இவன் கொட்டாவி விடுவதும் தெரிகிறது. மிஸ்ஸுக்கு இருந்தது காது மட்டும். மூன்றாம் வகுப்புப் பையனுக்குப் பின்னம் சொல்லித்தர, "அம்மாகிட்ட ஒரு சப்பாத்தி வாங்கிட்டு வந்து போன் பக்கத்துல வச்சுக்கோ" என்பார். எங்களுக்கு வடிவியல் வந்தால், "நோட்டோட இடது மூலையில இருந்து நாலு விரல் தள்ளி ஒரு புள்ளி வை கண்ணு. அங்கிருந்து ஜன்னல் பக்கமா ஒரு கோடு" என்று ஆரம்பிப்பார். கால் மணி நேரம் முடியும்போது நோட்டில் முக்கோணம் முழுசாக நின்றிருக்கும். எழுதாமல் சும்மா "உம்" கொட்டினால் உடனே கண்டுபிடித்துவிடுவார். பென்சில் ஓடுகிற சத்தம் அவருக்குக் கேட்கும் என்று பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள்.

அவரிடம் ஒரு வினோதமான பழக்கம் இருந்தது. தப்பான விடை சொன்னால் தப்பு என்று சொல்லவே மாட்டார்.

"எனக்குச் சரியா கேக்கல கண்ணு. லைன் கரகரங்குது. இன்னொரு வாட்டி சொல்லு."

முதல் நாள் நான் குரலை உயர்த்தி அதே தப்பு விடையைக் கத்தினேன். மறுபடியும் கேட்கவில்லை என்றார். மூன்றாவது தடவை கத்துவதற்குமுன் சந்தேகம் வந்து, கணக்கைப் பார்த்து, திருத்திச் சொன்னேன். "ஆங், இப்ப நல்லா கேக்குது" என்றார். மெதுவாகத்தான் சொல்லியிருந்தேன்.

என் அப்பாவுக்கு இது புரியவில்லை. ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா. எதையும் எழுத்தில் புகார் கொடுத்தால்தான் அவருக்கு நிம்மதி. பிள்ளை போனில் தொண்டை கிழியக் கத்துகிறது, அந்தம்மா பாவம் பழுதான போனை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறார் என்று டெலிபோன் ஆபீசுக்குப் புகார் எழுதிப்போட்டுவிட்டார். லைன்மேன் மூட்டைகளைத் தாண்டி மாடி ஏறிப்போய், கருவியைக் கழற்றிப் பார்த்து, ஒன்றுமில்லாததால் மனசு கேட்காமல் வயரை மட்டும் மாற்றிவிட்டு வந்தார். மிஸ் அவருக்குக் காபி கொடுத்து, "ஆமாங்க, இப்பத்தான் தெளிவா இருக்கு" என்று சொல்லி அனுப்பினாராம். மறுநாள் என் பதினேழாம் வாய்ப்பாடு அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

லைன் மட்டும் இல்லை, எல்லாப் பழியையும் அவர் வாங்கிக்கொள்வார். மதிப்பெண் குறைந்தது என்று ஒரு அம்மா போனில் குறைப்பட்டால், "நான்தான் வேகமா போயிட்டேங்க" என்பார். வீட்டுப்பாடம் செய்யவில்லையா, அவர் அதிகமாகக் கொடுத்துவிட்டார். சூத்திரம் மறந்துபோனதா, அவர் அழுத்தமாகச் சொல்லவில்லை. பெரியவர்கள் இதை ரொம்ப மெச்சிப் பேசுவார்கள். நானும் என் அண்ணனும் அவர் குரலில் பேசிக் காட்டிச் சிரிப்போம். அண்ணன் என் பேனாவைத் தொலைத்துவிட்டு, "தப்பு என்னுது கண்ணு, நான்தான் அழுத்தமா சொல்லல" என்பான். உண்மையில் எனக்கு அது பெரிய வசதியாக இருந்தது. நாம் செய்த தப்பைக் கொண்டுபோய் வைக்க மண்டி மொஹல்லாவில் ஒரு இடம் இருக்கிறது என்று பழகிவிட்டேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் என் கணக்கு முடிந்ததும், "உன்கிட்ட ஒரு உதவி கேக்கணும்" என்றார்.

ஒரு பெண் பிள்ளை, ஏழாம் வகுப்பு. ஊர் கோபிநத்தம். காட்டோரத்தில் இருக்கும் அந்த ஊரில் அப்போது சந்தனக் கடத்தல்காரனைத் தேடிப் போலீஸ் வருவதும் போவதுமாக இருந்ததால் பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்கவில்லை. தாய்மாமன் கொத்தனார் வேலைக்கு மைசூருக்கு வந்தவர், அவளையும் கூட்டிவந்து ஹெப்பாள் பக்கம் கன்னடப் பள்ளியில் சேர்த்திருந்தார். ஏழாம் வகுப்புக்கு அந்தக் காலத்தில் பொதுத்தேர்வு உண்டு. தேறினால் மேலே படிப்பு, இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று மாமா சொல்லிவிட்டார்.

"அவளுக்குக் கணக்கு வருது. கன்னடத்துல கேள்விதான் புரியல" என்றார் மிஸ். "உனக்கு ரெண்டும் தெரியும். கேள்வியைத் தமிழ்ல சொல்லிக் கொடுத்து, பதிலைக் கன்னடத்துல வாங்கு. அது போதும்."

அவளுக்கு வீட்டில் போன் கிடையாது. கீழ்வீட்டு உரிமையாளர் வீட்டுப் போனைத்தான் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து பேச விடமாட்டார்கள், வருகிற போனை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் ஐந்தரையிலிருந்து ஆறு மணிக்குள். அந்த நேரத்தில் மிஸ்ஸின் போனில் வேறு இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். அதனால் நான் கூப்பிட வேண்டும். என்னைப் பெரிய ஆளாக நினைத்துக் கேட்டதில் எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சரி மிஸ் என்றேன்.

முதல் நாள் கூப்பிட்டபோது முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

"ஏனுங்க்கா, நான்தானுங்க."

"உக்காந்துட்டு நோட்டை எடுத்துக்கோ."

"நின்னுட்டே எழுதறேனுங்க்கா. இங்க உக்கார வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. செவுத்துல வெச்சு எழுதிக்குவேன்."

இரண்டு வாரம் நன்றாகவே போயிற்று. பென்சில் சுவரில் கரகரவென்று ஓடுவது எனக்கும் கேட்டது. கெட்டிக்காரிதான். வட்டிக் கணக்கில் கன்னடச் சொற்கள் நான்கைந்தைப் புரியவைத்தேன், மடமடவென்று போட்டுவிட்டாள். ஒரு நாள் அவள் தப்பாகச் சொன்னபோது நான் மிஸ் மாதிரியே, "எனக்குச் சரியா கேக்கல" என்றேன். "ஐயோ, தப்புங்களாக்கா, இருங்க பாக்கறேன்" என்றாள். எனக்கு மூன்றாவது தடவையில் பிடிபட்ட தந்திரம் அவளுக்கு ஒரே நொடியில் பிடிபட்டுவிட்டது.

மூன்றாவது வாரம் என் வகுப்புத் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். கன்னடப் பெண், கார் வைத்திருக்கும் வீடு. எங்கள் போன் கூடத்தில் இருந்தது. ஐந்தரை ஆனதும் நான் நம்பரைச் சுழற்றி, "சொல்லு பாப்பா, நேத்து விட்ட கணக்கு போட்டியா?" என்று தமிழில் பேசினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிக்கு, போனிலிருந்து உரக்க வந்த "ஆமாங்க்கா, சரிங்க்கா" எல்லாம் கேட்டது. நான் போனை வைத்ததும் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"யாரது, நிம்ம மனே கெலஸதவளா?"

உங்கள் வீட்டு வேலைக்காரியா என்று கேட்டாள். நான் "ஹௌது" என்றேன். ஆமாம் என்றேன்.

அந்த வருஷங்களில் மைசூரில் நாங்கள் தமிழைச் சத்தமாகப் பேசமாட்டோம். காவிரித் தண்ணீர்த் தகராறு சூடாகும்போதெல்லாம் அப்பா வாசலைத் தாண்டினால் கன்னடம்தான் என்று சொல்லி வைத்திருந்தார். ஆனால் இதை நான் சாக்காகச் சொல்லக் கூடாது. அந்தத் தோழி ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை. எனக்கு வந்தது பயம் இல்லை, கௌரவக் குறைச்சல். இப்படிப் பேசுகிறவள் எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்று தோன்றியது. அதற்குப் பிறகு தோழி அடிக்கடி வந்தாள். அவள் வந்த நாட்களில் நான் போன் செய்யவில்லை. பிறகு அவள் வராத நாட்களிலும் செய்யவில்லை.

ஆறே முக்காலுக்கு மிஸ் கேட்பார். "பாப்பாகிட்ட பேசினியா?"

"லைன் கிடைக்கல மிஸ்."

"அந்தப் பக்கம் லைன் அப்படித்தான். நாளைக்குப் பாரு."

எத்தனை நாள் அதையே சொல்வது? ஒரு வாரம் கழித்து, "பேசினேன் மிஸ்" என்றேன்.

"எனக்குச் சரியா கேக்கல. இன்னொரு வாட்டி சொல்லு கண்ணு."

அவர் எதற்காகக் கேட்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளாகத் தப்பு விடைக்கு மட்டுமே வருகிற வாக்கியம் அது. நான் குரலை உயர்த்தி, "பேசினேன் மிஸ்" என்றேன்.

"சரி" என்றார்.

மார்ச் வரைக்கும் இப்படி நான்கைந்து தடவை கேட்டிருப்பார். நான்கைந்து தடவையும் உரக்கவே சொன்னேன். அவர் என் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னை நாலு திட்டுத் திட்டிவிட்டு வேறு பிள்ளையை ஏற்பாடு செய்திருக்கலாம். செய்யவில்லை. கணக்கைத் திருத்துகிற மாதிரி நானே திருத்திக்கொள்வேன் என்று காத்திருந்தார். அவரிடம் எனக்கு இருக்கும் ஒரே கோபம் அதுதான். இத்தனை காதை வைத்துக்கொண்டு, கேட்டதை நம்பாமல் என்னை நம்பிவிட்டார்.

மே மாதம் முடிவு வந்தது. அந்தப் பெண் கணக்கில் தேறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளும் மாமாவும் வருகிறார்கள், நீயும் வா என்று மிஸ் என்னைக் கூப்பிட்டார். போகாமல் இருக்க ஒரு காரணமும் அகப்படவில்லை.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். குரலை வைத்து உயரமான பெண்மணியாக நினைத்திருந்தேன். ஒடிசலான சின்ன உருவம், கனத்த கண்ணாடி, கையில் ஆண்கள் கட்டும் கடிகாரம். போன் ஒரு முக்காலியில் இருந்தது. பக்கத்துச் சுவரில், உட்கார்ந்தபடி எட்டுகிற உயரத்தில், எங்கள் பதினாறு பேரின் பெயரும் நேரமும் எழுதிய அட்டை. அதன் ஓரத்தில் என் பெயரிலிருந்து ஒரு அம்புக்குறி போட்டு, அந்தப் பெண்ணின் பெயரை எழுதி, ஐந்தரை என்று குறித்திருந்தார்.

மாமா நகக்கண்ணில் சிமென்ட்டோடு, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அந்தப் பெண் பாவாடை சட்டையில் அவர் பின்னால் நின்றாள். என் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்து, லேசாகச் சிரித்தாள்.

மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "மிஸ்ஸம்மா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டுப் போயிர்றேனுங்க. சொல்லிக் குடுத்தும் இவளுக்கு ஏறலீன்னா ஊருக்குக் கொண்டுபோயி விட்டுர்றேன். சும்மா வெச்சுச் சோறு போட எங்கிட்ட வசதியில்லீங்க. சொல்லிக் குடுத்ததுல எங்கியாச்சும் கொறை இருந்துச்சுன்னா, இன்னொரு வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு வெச்சுப் பாக்கறேன். எனக்கும் ஆசைதானுங்க."

"குறை என்னுதுதாங்க" என்றார் மிஸ். "அவளுக்கு யாரும் முழுசா சொல்லிக் குடுக்கல. ரெண்டு வாரத்துக்கு அப்புறம் போன் வரவே இல்ல. நான் ஏத்துக்கிட்டு, கவனிக்காம விட்டுட்டேன். இன்னொரு வருஷம் குடுங்க. ஐந்தரை மணிக்கு நானே பேசறேன்."

மாமா பொறுமையாகச் சிரித்தார். "நீங்க எப்பவும் எல்லாத்தையும் உங்க தலைமேல போட்டுக்குவீங்கன்னு ஊரே சொல்லுதுங்க. இவ தெனமும் அஞ்சு மணிக்கே மூஞ்சியக் கழுவிக்கிட்டுக் கீழ போயிருவாளே. அக்கா போன் பண்ணுச்சுன்னுதான் சொல்லுவா."

"இல்லைங்க, இது நிஜம்" என்றார் மிஸ். முதல் தடவையாக அவர் குரல் தடுமாறியது. இத்தனை வருஷம் எல்லாருடைய தப்பையும் தன் தப்பென்று சொல்லிச் சொல்லி, உண்மையைச் சொல்லும்போது அவரை நம்ப ஆளில்லாமல் போய்விட்டது.

மாமா அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். "போன் வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு மாமா" என்றாள். "அக்கா நல்லாத்தான் சொல்லிக் குடுத்துச்சு. எனக்குத்தான் ஏறல."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று இன்றைக்கு எனக்குப் புரிகிறது. போன் வரவில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் மறுநாள் கீழே போக விட்டிருக்கமாட்டார்கள். நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஏழு மாதம் மாமாவிடம் பொய் சொல்லி, நின்றுகொண்டே காத்திருந்திருக்கிறாள். இப்போது அந்தப் பொய்யை விட்டு வெளியே வர அவளுக்கு வழியில்லை. வழியை நான்தான் திறக்க முடியும்.

மாமாவும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது. என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. படிச்ச பொண்ணு. நீ போன் பண்ணுனியா இல்லியா?"

மிஸ் என்னைப் பார்த்தார். அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளுக்கு ஒரு வருஷம் கிடைக்கும். எனக்கு வீட்டில் இரண்டு அறை விழும், அவ்வளவுதான்.

"பண்ணினேன்" என்றேன்.

மாமா தலையை ஆட்டினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு முடிவு தெரிந்த நிம்மதிதான் இருந்தது. கொண்டுவந்திருந்த மஞ்சள் பையை மிஸ்ஸிடம் கொடுக்கப்போனவர், கையை மாற்றி என்னிடம் நீட்டினார். "அவங்கம்மா குடுத்துவுட்டுதும்மா. போன் அக்காவுக்குன்னு. எங்க தோட்டத்துப் புளி, கொட்டையெல்லாம் எடுத்தது. இத்தன நாளு எங்க புள்ளைக்காகப் பாடுபட்டிருக்கே." நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் படி இறங்கிப் போனதும் மிஸ் சுவரில் இருந்த அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஹெப்பாள் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு" என்றார். "மார்க்கெட் ஸ்டாப்லதான் நிப்பாங்க. நான் இறங்க முடியாது."

"சரி மிஸ்" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன்.

சந்து முனையிலிருந்தே அவர்கள் தெரிந்தார்கள். மாமா யாரிடமோ பஸ் நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் ஸ்டாப்பில் இருந்த கல்லில் உட்காராமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் ஒரு வெங்காய வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பஸ் இருபது நிமிஷத்தில் வரவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அது வந்து, அவர்கள் ஏறி, கண்ணில் படாமல் போகும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

வீட்டில் அம்மா பையைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். யார் கொடுத்தது என்று கேட்டாள். ஒரு ஏழைப் பெண்ணுக்கு வருஷம் முழுக்கப் போனில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன், அதற்காக அவள் அம்மா கொடுத்தனுப்பினாள் என்றேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொன்னாள். ஜூனில் மறுபடி என் நேரம் அதே ஆறே முக்கால். மிஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கில் நல்ல மதிப்பெண். அந்த வருஷம் பூராவும் எங்கள் வீட்டில் அந்தப் புளியில்தான் ரசம். நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.